நூற்பதிவாளரும் மொழிபெயர்ப்பும்: பதிப்புரிமைப் பதிவேட்டின் வரலாறு

1. முன்னுரை

தமிழ் அச்சு வரலாற்றை எழுதியோர் நூலாசிரியர்களையும் பதிப்பாசிரியர்களையும் அச்சகத்தாரையும் விரிவாகப் போற்றியுள்ளனர். ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலியோரின் பணி பற்றித் தனி நூல்களும் ஆய்வேடுகளும் உள்ளன. ஆனால், அவர்கள் வெளியிட்ட நூல் ஒவ்வொன்றும் எந்நாளில் வெளிவந்தது, எத்தனை படிகள் அச்சாயின, உரிமையாளர் யார், மொழிபெயர்ப்பாயின் பெயர்த்தவர் யார் என்பனவற்றைப் பேரேட்டில் எழுதிவைத்த அரசு அலுவலரைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. அவரே நூற்பதிவாளர்.

பதிப்புரிமை என்றவுடன் வழக்கும் நீதிமன்றமும் நினைவிற்கு வருவது இயல்பு. உரிமை யாருடையது என்று தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் கடமை. எந்த நூல் எப்போது எம்மொழியில் வெளிவந்தது என்று எழுதிவைப்பது பதிவாளரின் கடமை. முன்னது வழக்கு நேர்ந்தபோது மட்டும் நிகழ்வது. பின்னது நாள்தோறும் நிகழ வேண்டுவது. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் பெரிதும் கடன்பட்டிருப்பது இப்பின்னதற்கே என்பதும், அப்பணி இன்று சட்டத்தின் துணையை ஒரு பகுதி இழந்து நிற்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். இந்தியாவில் பதிப்புரிமைப் பதிவு தோன்றிய வரலாறு, அதில் மொழிபெயர்ப்பாளர் பெற்ற இடம், அப்பணியில் நெடுங்காலம் நின்ற அலுவலர் சிலரின் பங்கு, சித்தூர் போன்ற எல்லைப் பகுதியில் அதன் பயன் ஆகியவை இங்கு முறையே ஆராயப்படுகின்றன.

2. இரண்டு சட்டங்கள்

இந்தியாவிற்கென இயற்றப்பெற்ற முதற் பதிப்புரிமைச் சட்டம் 1847ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம் ஆகும். கிழக்கிந்தியக் கும்பினியாரின் ஆட்சிக்குட்பட்ட நிலப்பரப்பில் கல்வியை ஊக்குவித்தல் என்பது அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் ஏழாண்டும், அல்லது வெளியீட்டு நாள் முதல் நாற்பத்திரண்டு ஆண்டும், இவற்றுள் எது நீண்டதோ அது உரிமைக்காலம் என 1842ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தை ஒட்டி வகுக்கப்பட்டது. உரிமையைப் பதிவு செய்யும் ஏடு இந்திய அரசின் உள்துறைச் செயலர் அலுவலகத்தில் வைக்கப்பட்டது. பதிவு செய்யாதவர் வழக்குத் தொடுக்க இயலாது. சென்னையிலிருந்த தமிழ்ப் பதிப்பாளர் ஒருவர்க்குக் கல்கத்தாவிலிருந்த அவ்வேடு எட்டாத தொலைவினதாகவே இருந்திருக்கும்.

இதற்கிடையில் அச்சுத்தொழில் பெருகிற்று. 1835இல் மெட்காப் காலத்துச் சட்டம் அச்சகம் நடத்துவதிலிருந்த தடைகளை நீக்கியபின், தமிழர் தாமே அச்சகம் நிறுவி நூல்களை வெளியிடலாயினர். என்னென்ன நூல்கள் வெளிவருகின்றன என்பது அரசுக்கே தெரியாத நிலை உண்டாயிற்று. இந்நிலையில் பட்டியலிடும் முயற்சியைத் தனியார் மேற்கொண்டனர். வங்காளத்தில் ஜேம்ஸ் லாங் பாதிரியாரும், சென்னையில் ஜான் மர்டாக்கும் இவ்வகையில் முன்னோடிகள். மர்டாக் தொகுத்த தமிழ் அச்சுநூல்களின் வகைப்படுத்திய அட்டவணை 1865ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்தது. தமிழ் அச்சுநூல்களுக்கு விரிவான அட்டவணை கண்ட முதல் முயற்சிகளுள் அது தலையாயது எனலாம்.

லாங் பாதிரியாரின் வாழ்வில் நிகழ்ந்த ஒரு செய்தி மொழிபெயர்ப்பாளரின் கவனத்திற்குரியது. தீனபந்து மித்ரர் வங்க மொழியில் எழுதிய ‘நீல் தர்ப்பண்’ நாடகம் அவுரித் தோட்ட முதலாளிகளின் கொடுமையைக் காட்டுவது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861இல் லாங் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவருக்கு ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டன. மூலம் அல்ல, மொழிபெயர்ப்பே வழக்கிற்குரியதாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது. நாட்டு மொழிகளில் எழுதப்படுவதை அறியவேண்டும் என்னும் எண்ணம் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் ஆட்சியாளரிடம் வலுப்பெற்றிருந்தது.

இப்பின்னணியில் தோன்றியதே 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டமாகிய அச்சக, நூற்பதிவுச் சட்டம். அச்சகங்களையும் செய்தித்தாள்களையும் ஒழுங்குபடுத்துவது, இந்தியாவில் அச்சாகும் நூல்களின் படிகளைப் பாதுகாப்பது, அந்நூல்களைப் பதிவு செய்வது என்னும் மூன்று நோக்கங்களை அது ஒருங்கே கொண்டிருந்தது. கண்காணிப்பும் பாதுகாப்பும் ஒரே சட்டத்தில் கலந்திருந்தமை மறைக்கத்தக்கதன்று. எனினும் கண்காணிப்பின் தேவை ஆட்சியோடு மறைந்தது. பாதுகாக்கப்பட்டது மட்டும் மொழிக்கு எஞ்சியது.

இச்சட்டத்தின் 18ஆம் பிரிவில் பதிப்புரிமையோடு நேரடித் தொடர்புடைய விதி ஒன்று இருந்தது. நூற்பதிவேட்டு அலுவலகத்தில் இரண்டு ரூபாய் செலுத்தினால், அப்பதிவே 1847ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் செய்யப்பட்ட உரிமைப் பதிவாகக் கொள்ளப்படும் என்பதே அது. இதனால் கல்கத்தாவிலிருந்த உரிமைப்பதிவு சென்னைக்கு வந்தது எனலாம். மாகாணத்தின் நூற்பதிவாளர் பதிப்புரிமையின் காவலராகவும் ஆனார்.

3. பதினான்கு விவரங்கள்

ஒவ்வொரு நூலுக்கும் எழுதப்படவேண்டிய விவரங்கள் பதினான்கு என 18ஆம் பிரிவு வரையறுத்தது. நூற்பெயரும் முகப்பேட்டுச் செய்தியும், மொழி, ஆசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர் அல்லது பதிப்பாசிரியர் பெயர், பொருள், அச்சிட்ட இடமும் வெளியிட்ட இடமும், அச்சிட்டவர் வெளியிட்டவர் பெயர், வெளியான நாள், பக்க அளவு, நூலின் வடிவளவு, பதிப்பு எண், படிகளின் எண்ணிக்கை, அச்சா கல்லச்சா என்பது, விலை, பதிப்புரிமை முழுவதற்கோ அதன் ஒரு பகுதிக்கோ உரியவரின் பெயரும் உறைவிடமும் என்பன அவை. இவ்விவரங்கள் மூன்று திங்களுக்கு ஒருமுறை மாகாண அரசிதழில் அச்சிடப்பட்டன. சென்னை மாகாணத்திற்கு அது செயிண்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழ்.

இவற்றுள் மூன்று கூறுகள் மொழியியல் நோக்கில் ஆழ்ந்து கருதத்தக்கவை.

முதலாவது, நூற்பெயர் ஆங்கிலத்தில் இல்லையெனில் அதனையும் முகப்பேட்டுச் செய்தியையும் ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதவேண்டும் என்னும் விதி. இவ்விதியால் நூற்பதிவாளர் அலுவலகம் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகமாகவும் இயங்கவேண்டியதாயிற்று. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, தூது, சிந்து, கும்மி எனத் தமிழில் தனிப்பொருள் தரும் இலக்கிய வகைப் பெயர்களை ஆங்கிலத்தில் உணர்த்துவது எளிதன்று. அகராதி தரும் சொற்பொருள் வகையின் இயல்பைக் காட்டாது. ஆண்டுக்கணக்கில் இப்பணியைச் செய்த பெயரறியா எழுத்தர்கள் தமிழ் இலக்கிய வகைகளுக்கு ஆங்கில விளக்கம் கண்ட தொடக்ககால மொழிபெயர்ப்பாளர்களாவர்.

இரண்டாவது, மொழி என்னும் விவரம். இதனை ஒரு சொல்லில் நிரப்பிவிடலாம் என்று தோன்றும். தென்னிந்திய அச்சுநூல்கள் அதற்கு இடங்கொடுப்பதில்லை. வடமொழி நூல் கிரந்த எழுத்திலும் தெலுங்கு எழுத்திலும் அச்சாயிற்று. தெலுங்குக் கீர்த்தனைகள் தமிழ் எழுத்தில் அச்சாயின. இசுலாமியத் தமிழ் நூல்கள் சில அரபு எழுத்தில் கல்லச்சாக வந்தன. மூலம் வடமொழியிலும் உரை தமிழிலும் அமைந்த நூல்கள் பல. மொழி வேறு, எழுத்து வேறு என்னும் மொழியியல் அடிப்படையைப் பதிவாளர் ஒவ்வொரு நாளும் நடைமுறையில் எதிர்கொண்டார். இருமொழி நூல், எழுத்துப்பெயர்ப்பு நூல், உரைநூல் ஆகியன எவ்வகையில் பகுக்கப்பட்டன என்பது தனி ஆய்விற்குரிய பொருள்.

மூன்றாவது, மொழிபெயர்ப்பாளர் பெயர். சட்டம் ஆசிரியரையும் மொழிபெயர்ப்பாளரையும் பதிப்பாசிரியரையும் ஒரே இடத்தில், ஒரே தகுதியோடு வைத்தது. மொழிபெயர்ப்பாளர் பெயர் நூலின் முகப்பில் இடம்பெறாத வழக்கம் இன்றும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. அவர் பெயருக்கு 1867லேயே அரசுப் பதிவேட்டில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது என்பது மொழிபெயர்ப்பு வரலாற்றில் பொன்னெழுத்துக்களால் பொறிக்கத்தக்கதாகும்.

உரிமையாளர் பற்றிய விவரத்தில் ‘அதன் ஒரு பகுதிக்கு’ என்னும் தொடரும் நோக்கத்தக்கது. உரிமை பகுக்கப்படக்கூடியது என்பதை அது உணர்த்துகிறது. பாரதியார் 1921இல் மறைந்தபின் அவர் படைப்புகளின் அச்சுரிமை ஒருவரிடமும் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை வேறொருவரிடமும் சென்றன. ஒலிப்பதிவு உரிமையை ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் பெற்றிருந்தார். 1949இல் சென்னை அரசு இவ்வுரிமைகளைப் பெற்றது. 1955இல் அவை மக்களுக்கு உரியனவாக்கப்பட்டன. பின்னர்த் தமிழக அரசு தொடர்ந்து செய்துவரும் நாட்டுடைமையாக்கலுக்கு இதுவே வழிகாட்டி. உரிமையைப் பெறுவதற்கு முன் அது யாரிடம், எந்தப் பகுதி, எவ்வழியில் சென்றது என்று அறிவது இன்றியமையாதது. அவ்வறிவிற்கு அடித்தளம் இத்தகைய பதிவுகளேயாம்.

4. மொழிபெயர்ப்புரிமையும் பத்தாண்டு விதியும்

1847ஆம் ஆண்டுச் சட்டம் மொழிபெயர்ப்பைப் பற்றி எதுவும் கூறவில்லை. எனவே ஒருவர் நூலை மற்றொருவர் இசைவின்றிப் பெயர்ப்பது உரிமை மீறலா என்னும் வினா எழுந்தது. மாக்மில்லன் நிறுவனத்தின் ஆங்கிலப் பாடநூல்கள் உருதுவில் பெயர்க்கப்பட்டது பற்றிய வழக்கில், 1895இல் பம்பாய் உயர்நீதிமன்றம் மொழிபெயர்ப்பு உரிமை மீறல் ஆகாது என்று கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய மொழிகளில் ஆங்கில நூல்களின் பெயர்ப்புகளும் தழுவல்களும் பெருகியமைக்கு இச்சட்டநிலை இடமளித்தது எனக் கருதலாம்.

இந்நிலை 1911ஆம் ஆண்டின் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டத்தால் மாறியது. மொழிபெயர்ப்பும் ஆசிரியரின் உரிமைகளுள் ஒன்றாயிற்று. பதிவு செய்தால்தான் உரிமை என்னும் கட்டாயமும் நீங்கியது. நூல் பிறந்த அளவிலேயே உரிமையும் பிறக்கும் என்பது புதிய கொள்கை. ஆனால் அதனை இந்தியாவிற்கேற்ப மாற்றியமைத்த 1914ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 4ஆம் பிரிவில் ஒரு வரையறையைச் சேர்த்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் முதன்முதல் வெளியான நூலுக்கு, மொழிபெயர்க்கும் தனியுரிமை முதல் வெளியீட்டு நாளிலிருந்து பத்தாண்டு மட்டுமே நிலைக்கும். அப்பத்தாண்டிற்குள் ஆசிரியரோ அவரது இசைவு பெற்றவரோ ஒரு மொழியில் பெயர்ப்பை வெளியிட்டுவிட்டால், அம்மொழியைப் பொறுத்தவரை இவ்வரையறை பொருந்தாது.

பன்மொழி நாட்டின் தேவையை உணர்ந்து செய்யப்பட்ட விதி இது. தமிழ் நாவல் ஒன்று பத்தாண்டிற்குள் தெலுங்கில் பெயர்க்கப்பட்டு, கன்னடத்தில் பெயர்க்கப்படவில்லையாயின், பதினோராம் ஆண்டில் கன்னட மொழிபெயர்ப்பாளருக்கு வழி திறந்தது; தெலுங்கரின் வழி மூடியே இருந்தது. உரிமை, நூலுக்கு என்றில்லாமல் மொழிதோறும் தனித்தனியே கணக்கிடப்பட்டது.

இவ்விதியின்படி நடக்க விரும்பிய மொழிபெயர்ப்பாளர் அறிந்திருக்கவேண்டியவை இரண்டு. ஒன்று, மூலம் முதன்முதல் வெளியான நாள். மற்றொன்று, தம் மொழியில் இசைவுபெற்ற பெயர்ப்பு ஏதும் முன்னரே வந்துள்ளதா என்பது. இவ்விரண்டையும் நூலின் முகப்பிலிருந்து அறிய முடியாது. அக்காலத் தமிழ் நூல்கள் பலவற்றில் ஆண்டு தமிழ் வருடப்பெயரால் மட்டும் குறிக்கப்பட்டது. அப்பெயர் அறுபதாண்டிற்கு ஒருமுறை மீள்வது. மறுபதிப்பு முதற்பதிப்புப் போலவே தோற்றமளிப்பதும் உண்டு. வெளியான நாள், பதிப்பு எண், மொழி, மொழிபெயர்ப்பாளர் பெயர் ஆகிய அனைத்தையும் ஒருங்கே தாங்கியிருந்தது நூற்பதிவேடு ஒன்றே. உரிமை பெறுவதற்குப் பதிவு தேவையில்லை என்று சட்டம் கூறிய அதே காலத்தில், மொழிபெயர்ப்பாளரின் சுதந்திரத்திற்குப் பதிவு முன்னிலும் தேவையாயிற்று.

சுதந்திர இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1958 ஜனவரி 21இல் நடைமுறைக்கு வந்தது. பதிப்புரிமை அலுவலகமும் பதிப்புரிமைப் பதிவாளர் என்னும் பதவியும் அதனால் தோன்றின. பத்தாண்டு விதி கைவிடப்பட்டது. அதற்கீடாக 32ஆம் பிரிவு வேறொரு வழியைத் தந்தது. நூல் வெளியாகி ஏழாண்டு கடந்தும் ஒரு மொழியில் பெயர்ப்பு வெளிவரவில்லை என்றாலோ, வந்த பெயர்ப்பு விற்றுத் தீர்ந்து கிடைக்கவில்லை என்றாலோ, அம்மொழியில் பெயர்க்க உரிமம் வேண்டிப் பதிப்புரிமை வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிப்பவர் உரிமையாளரிடம் இசைவு கேட்டிருக்கவேண்டும். அவரைக் கண்டறிய இயலவில்லையெனில் நூலில் கண்ட வெளியீட்டாளருக்கு விண்ணப்பத்தின் படியை அனுப்பியிருக்கவேண்டும். ஈண்டும் வெளியீட்டு நாளும் உரிமையாளரின் உறைவிடமுமே அடிப்படை. 1867ஆம் ஆண்டுப் பதிவேட்டின் ஏழாவது, பதினான்காவது விவரங்கள் அவையே.

5. பிறநாட்டு ஒப்புமை

பதிப்புரிமை அலுவலர் நாட்டின் நூற்செல்வத்திற்குக் காவலராகவும் அமையலாம் என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடு சிறந்த சான்று. 1870ஆம் ஆண்டுச் சட்டம் பதிப்புரிமைப் பதிவையும் நூற்படிகளின் ஒப்படைப்பையும் காங்கிரஸ் நூலகத்தில் ஒருங்கிணைத்தது. 1864 முதல் 1897 வரை நூலகராயிருந்த ஐன்ஸ்வொர்த் ஸ்பாஃபோர்டு இதற்காகப் பெரிதும் முயன்றவர். பதிவிற்காக வந்த படிகளாலேயே அந்நூலகம் தேசிய நூலகத்தின் நிலைக்கு உயர்ந்தது.

1897இல் பதிப்புரிமைக்கெனத் தனிப் பதிவாளர் பதவி உண்டாக்கப்பட்டது. அப்பதவியை முதன்முதல் ஏற்ற தார்வால்டு சோல்பெர்க் 1930 வரை, முப்பத்து மூன்று ஆண்டுகள் அதில் இருந்தார். பெர்ன் உடன்பாட்டில் தம் நாடு சேரவேண்டும் என்று அவர் இடையறாது வாதிட்டார். அவர் மறைந்தது 1949இல். அமெரிக்கா அவ்வுடன்பாட்டில் சேர்ந்ததோ 1989இல். கொள்கையளவில் அவர் விழைந்தது அவர் காலத்தில் கைகூடவில்லை. அவர் நிலைநிறுத்திய பதிவுமுறையோ நாள்தோறும் பயன்பட்டது. அலுவலரின் பெருமையை அவர் வென்ற வாதங்களைக் கொண்டு அளப்பதினும், அவர் விடாது காத்த பதிவுகளைக் கொண்டு அளப்பதே பொருத்தம் என்பதற்கு அவர் வாழ்வு எடுத்துக்காட்டு.

6. பி. எஸ். கேசவனின் பணி

இந்தியாவில் உரிமைப்பதிவும் நூலகமும் இவ்வாறு ஓரிடத்தில் இணையவில்லை. பதிவு மாகாண அரசுகளிடம் இருந்தது. நூற்படிகள் அரசு அலுவலகங்களில் தேங்கின. அரசிதழ்ப் பட்டியலைக் கண்டு இலண்டனிலிருந்த இந்தியா அலுவலக நூலகமும் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் தமக்கு வேண்டிய படிகளைப் பெற்றன. எல். டி. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் தொகுத்த பிரிட்டிஷ் அருங்காட்சியகத் தமிழ்நூல் அட்டவணை 1909இல் வெளிவந்தது. தமிழ்நூல்களின் தொகுதியும் அதன் அட்டவணையும் தமிழகத்திற்கு வெளியே அமைந்தமை வரலாற்றின் முரண் எனலாம்.

இக்குறையை நாட்டளவில் நீக்க முயன்றவர் பி. எஸ். கேசவன். 1909இல் பிறந்து, மைசூர் மகாராஜா கல்லூரியில் பணியாற்றி, 1947இல் கல்கத்தா இம்பீரியல் நூலகத்தின் பொறுப்பை ஏற்றார். 1948இல் அது தேசிய நூலகம் எனப் பெயர் மாறியது. 1953 பிப்ரவரி 1இல் பெல்வெடர் மாளிகையில் மௌலானா ஆசாத் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். 1954ஆம் ஆண்டின் நூல்கள் ஒப்படைப்புச் சட்டம் கேசவனின் பொறுப்புக் காலத்தில் வந்தது. இந்தியாவில் வெளியிடப்படும் ஒவ்வொரு நூலின் படியையும் வெளியீட்டாளர் தம் செலவில் முப்பது நாளுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்திற்கும் குறிக்கப்பட்ட பிற பொது நூலகங்களுக்கும் அனுப்பவேண்டும் என்பது அதன் விதி. சென்னைக் கன்னிமரா நூலகம் அவற்றுள் ஒன்று. தவறினால் ஐம்பது ரூபாய் வரை தண்டமும் நூலின் விலையும் செலுத்தவேண்டும் என அச்சட்டம் வகுத்தது.

1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடமை அச்சிடுபவருக்கு உரியது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடமை வெளியிடுபவருக்கு உரியது. முன்னது அரசுக்குப் படி தந்தது. பின்னது வாசகருக்குப் படி தந்தது. இவ்வேறுபாடு சிறிதன்று.

வந்து சேர்ந்த நூல்களைக் கொண்டு இந்திய தேசிய நூற்றொகை உருவாயிற்று. 1957 அக்டோபர் முதல் டிசம்பர் வரை வந்த நூல்களைக் கொண்ட அதன் முதல் வெளியீடு 1958இல் வந்தது. அனைத்து மொழி நூல்களும் உரோமன் எழுத்தில், ஒலிக்குறிகளுடன், பொருள்வாரியாக ஒரே வரிசையில் அமைக்கப்பட்டன. தாய்மொழி எழுத்தை விட்டு உரோமன் எழுத்தைக் கொண்டது பற்றிக் கருத்து வேறுபாடு எழலாம். தமிழ் வாசகர்க்கு அது அயன்மையானது என்பதும் உண்மை. ஆயினும் ஒரு பொருள் பற்றித் தமிழிலும் தெலுங்கிலும் வங்கத்திலும் வந்த நூல்கள் அருகருகே நின்றமையால், மூலமும் பெயர்ப்பும் ஒரே பக்கத்தில் கண்ணுக்குப் புலனாயின. எழுத்துப்பெயர்ப்பில் ஒருமை வேண்டும் என்னும் தேவையை இந்திய மொழிகள் அனைத்திற்குமாக நடைமுறையில் எதிர்கொண்ட பெருமுயற்சி அது. பின்னர் மொழிவாரித் தொகுதிகள் அந்தந்த எழுத்திலும் வரலாயின.

கேசவன் 1962 வரை தேசிய நூலகத்தில் பணியாற்றினார். 1960இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இந்தியாவில் அச்சும் பதிப்பும் வளர்ந்த வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதி, 2000ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் பதிப்புரிமைப் பதிவாளர் அல்லர். எனினும் பதிப்புரிமைப் பதிவின் மொழிசார்ந்த பாதியை, அதாவது எது எப்போது எம்மொழியில் வந்தது என்னும் பாதியை, நாட்டளவில் ஏற்றுச் செய்தவர் அவரே.

தமிழகத்திலும் இப்பாதி மறக்கப்படவில்லை. 1867 முதல் வெளிவந்த தமிழ் நூல்களின் விவர அட்டவணை 1960களில் சென்னையில் தொகுதி தொகுதியாக வெளியிடப்பட்டது. அதன் தொடக்க ஆண்டு 1867 என்பது தற்செயலன்று. தமிழ் இலக்கிய வரலாற்றில் அவ்வாண்டிற்குத் தனிச்சிறப்பு ஒன்றுமில்லை. பதிவுச் சட்டம் வந்த ஆண்டு அது. ஓர் அலுவலகத்தின் பேரேடு ஒரு மொழியின் நூல்வரலாற்றிற்கு எல்லைக்கல் ஆயிற்று.

7. எல்லைப் பகுதி: சித்தூரும் கங்காதர நெல்லூரும்

பதிவேட்டின் பயனையும் குறையையும் ஒருங்கே காண்பதற்குச் சித்தூர்ப் பகுதி ஏற்ற களம். சித்தூர் முன்பு வடார்க்காடு மாவட்டத்தின் தலைநகராயிருந்தது. 1911 ஏப்ரல் 1இல் வடார்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரிந்த வட்டங்களைக் கொண்டு சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953 அக்டோபர் 1 முதல் அது ஆந்திர மாநிலத்தினது. 1960 ஏப்ரல் 1இல் நிகழ்ந்த எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்திற்கும், சத்தியவேடு முதலிய பகுதிகள் சித்தூர் மாவட்டத்திற்கும் வந்தன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூர் சித்தூர் மாவட்டத்திலேயே உள்ளது.

கங்காதர நெல்லூர் போன்ற ஊர்களில் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் வழங்குகின்றன. வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு பயில்வோர் உண்டு. இருமொழியும் எழுத வல்லோரும் உண்டு. இத்தகையோரே இயல்பான மொழிபெயர்ப்பாளர்கள். இவர்களின் நூல்கள் எங்குப் பதிவாயின?

1953 வரை விடை எளிது. சித்தூரில் அச்சான தமிழ் நூலும் சென்னையில் அச்சான தெலுங்கு நூலும் ஒரே மாகாணப் பதிவேட்டில், ஒரே அரசிதழில் இடம்பெற்றன. அதன்பின் நிலை மாறியது. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி நூற்படி அச்சகம் அமைந்த மாநிலத்தின் அரசுக்கே சென்றது. எனவே சித்தூரில் அச்சிடப்பட்ட தமிழ் நூல் ஆந்திரப் பதிவிற்கு உரியது. அதே ஆசிரியர் வேலூரில் அச்சிட்ட நூல் தமிழகப் பதிவிற்கு உரியது. ஒருவர் எழுத்து இரு மாநிலப் பேரேடுகளில் பிரிந்து கிடக்கும். தமிழகப் பதிவை மட்டும் கொண்டு தமிழ் நூல்வரலாறு எழுதுவோர்க்கு எல்லைக்கப்பாலுள்ள தமிழ் புலப்படாது. ஆந்திரப் பதிவை மட்டும் நோக்குவோர்க்குச் சென்னையில் அச்சான தெலுங்கு நூல்கள் புலப்படா. மூலமும் பெயர்ப்பும் எல்லையின் இருபுறமும் நிற்க, அவற்றை இணைக்கும் வரி எந்த ஏட்டிலும் இல்லாது போகும்.

1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் சிறப்பு இங்கு விளங்கும். அது மாநில எல்லையை நோக்குவதில்லை. சித்தூரில் வெளியாகும் நூலும் கன்னிமரா நூலகத்திற்கு வரவேண்டியதே. சட்டம் செவ்வனே பின்பற்றப்படுமாயின் தமிழ்-தெலுங்கு மொழிபெயர்ப்பு முழுவதற்குமான சான்று சென்னையிலேயே கிடைக்கும். திராவிட மொழிகளின் ஒப்பாய்விற்கென 1997இல் சித்தூர் மாவட்டக் குப்பத்தில் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம், திருப்பதி வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்க்கு இது பெருந்துணையாகும்.

8. பதிவேடு முடிவுற்றபின்

1867ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றைம்பது ஆண்டிற்குமேல் நிலவியது. அதற்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டின் பத்திரிகை, பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெயர் காட்டுவது போலவே அது பருவ இதழ்களுக்கு உரியது. நூல்களுக்கு அதில் இடமில்லை. காலனியக் கண்காணிப்பின் எச்சம் நீங்கியது என்று இதனை வரவேற்பது நியாயமே. ஆனால் மொழி, மொழிபெயர்ப்பாளர், படிகளின் எண்ணிக்கை, உரிமையாளர் உறைவிடம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறும் சட்டக் கடமையும் உடன் நீங்கியது.

பதிப்புரிமைத் துறையிலும் மாற்றங்கள் நேர்ந்தன. உரிமைக்காலம் 1992இல் ஆசிரியர் மறைவிற்குப்பின் ஐம்பதிலிருந்து அறுபது ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. 2016இல் பதிப்புரிமை அலுவலகம் கல்வித்துறையைச் சார்ந்த அமைச்சகத்திலிருந்து தொழிற்கொள்கைத் துறைக்கு மாற்றப்பட்டது. 2017இல் பதிப்புரிமை வாரியத்தின் பணி அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்திற்குச் சென்றது; 2021இல் அவ்வாரியமும் கலைக்கப்பட்டு அதன் பணி நீதிமன்றங்களைச் சேர்ந்தது. மொழிபெயர்ப்பு உரிமம் வேண்டும் ஒருவர் இன்று செல்லவேண்டிய இடம் இவ்வாறு இருமுறை மாறியுள்ளது. பதிப்புரிமைப் பதிவேடு தொடர்கிறது எனினும் அதில் பதிவது விருப்பத்தைப் பொறுத்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளருள் தம் பெயர்ப்பை அதில் பதிவோர் எத்துணையர் என்று எண்ணின், அதனை மொழிவரலாற்றுச் சான்றாகக் கொள்ளமுடியாது என்பது விளங்கும்.

ஆகவே எஞ்சியிருக்கும் சட்டக் கடமை 1954ஆம் ஆண்டின் ஒப்படைப்பு ஒன்றே. அதனை வலுப்படுத்துவதில் மொழிபெயர்ப்பாளரே முதற்பங்கு ஏற்கவேண்டும். நூலின் முகப்புப் பின்பக்கத்தில் மூலநூற்பெயர், மூலமொழி, மூலத்தின் முதற்பதிப்பாண்டு, எம்மொழிவழிப் பெயர்க்கப்பட்டது என்பது, மொழிபெயர்ப்பாளர் பெயர், உரிமையாளர் பெயர் ஆகியவற்றை அச்சிடுமாறு வெளியீட்டாளரிடம் வற்புறுத்துதல் வேண்டும். ஒப்படைப்பு நூலகங்களுக்குப் படி சென்றதா என வினவுதல் வேண்டும். ஆந்திரத்திலும் தமிழகத்திலும் 1953க்குப் பின் எழுதப்பட்ட நூற்பதிவுகளை ஒப்புநோக்கித் தமிழ்-தெலுங்கு மொழிபெயர்ப்பு அட்டவணை ஒன்றைத் தொகுப்பது பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளத்தக்க பணி. பழைய பேரேடுகளும் அரசிதழ்ப் பட்டியல்களும் தாள் நொறுங்கி அழியுமுன் அவற்றை நிழற்படி எடுத்தல் அதனினும் உடனடித் தேவை.

9. முடிவுரை

நூற்பதிவாளர் ஆட்சியின் கருவியாகத் தோன்றியவர். அவர் தம் கடமையாகச் செய்த செயல் மொழியின் நினைவாற்றலாக நிலைத்தது. 1847இல் உரிமைக்காகத் தொடங்கிய பதிவு, 1867இல் மொழியையும் மொழிபெயர்ப்பாளரையும் தன்னுள் ஏற்றது. 1914இல் மொழிபெயர்ப்புச் சுதந்திரத்தின் கால அளவுகோலாயிற்று. 1958 முதல் தேசிய நூற்றொகையாய் விரிந்தது. இப்பணியில் சோல்பெர்க், கேசவன் போன்ற சிலரின் பெயர்களே நமக்குத் தெரியும். சென்னை அலுவலகத்தில் ‘பிள்ளைத்தமிழ்’ என்பதற்கு ஆங்கிலம் தேடியவரின் பெயரை நாம் அறியோம்.

இவ்வலுவலர்களைப் போற்றும் முறை எளியது. ஒரு நூலின் முதற்பதிப்பாண்டைக் குறிக்கும்போது அதற்குச் சான்றான பதிவை மேற்கோளில் காட்டுவது. மொழிபெயர்ப்பாளர் பெயரை விடாது எழுதுவது. புதிய நூலின் படியை ஒப்படைப்பு நூலகத்திற்கு உரிய நாளில் அனுப்புவது. இம்மூன்றும் செய்யப்படின், சட்டம் கைவிட்ட இடத்தில் பதிவேடு தொடரும்.